சிங்காரி வைத்த காசு

ஜூலை 3, புதன்

கன்டின்யூட்டி: சிவப்புப் புடவை. பச்சைக் கண்ணாடி வளையல். பெரிய வட்டப் பொட்டு. மல்லிகை, நெருக்கமாகத் தொடுத்தது. மூக்குத்தி இடது பக்கம்.

இந்த நோட்டை வாங்கச் சொன்னது உதவி இயக்குநர் தியாகு. "இன்னிக்கி பாதி சீன் எடுப்போம்க்கா, மீதிய பத்து நாள் கழிச்சு எடுப்போம். அன்னிக்கி பொட்டு எடம் மாறியிருந்தா சேனல்ல என்னைத்தான் கிழிப்பாங்க. எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கங்க" என்றான். எழுதுகிறேன். பொட்டையும் வளையலையும் எழுதிய பிறகும் பக்கம் மிச்சம் இருக்கிறது. வெற்றிடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

நான் யாமினி. மணப்பெண் அலங்காரம் செய்து பிழைக்கும் திருநங்கை. ஊர்ப் பெண்களையெல்லாம் அழகாக்கி மேடைக்கு அனுப்பிவிட்டு, கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்த பிறகு சாப்பிட்டவள். இன்று முதல் நடிகை. 'தொட்டில் தீபம்' தொடரில் ஒரே ஒரு காட்சி. பெயர் சூட்டு விழா நடக்கும் பங்களாவுக்குக் குழந்தையை வாழ்த்தப் போகிறாள் சிங்காரி என்ற திருநங்கை. மாமியார்க்காரி முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான் வேடம்.

கதவு சாத்தியதும் இயக்குநர் மணவாளன் சார், "அப்படியே திரும்பிப் போயிட்டா சப்புன்னு இருக்கு. ஏதாவது பண்ணும்மா, உன் மேலதான் எபிசோடு ஃப்ரீஸ் ஆவுது" என்றார்.

இடுப்பிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தேன். வலது கடைவாயில் வைத்துக் கடித்தேன். இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். குழந்தையின் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட வேண்டும், எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள். குழந்தையோ கதவுக்கு அந்தப் பக்கம். அதனால் வாசற்படியில் வைத்து, படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். லைட் போடும் அண்ணன் ஒருவர் கைதட்டினார். பிறகு செட்டே தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கருந்தும்மா புடிச்ச இத?" என்றார் சார்.

"தானா வந்துச்சு சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். புஷ்பராணி அம்மா என்னைப் பெற்றவள் இல்லை. பெற்றவர்கள் துரத்திவிட்ட பிறகு, எங்கள் வழக்கப்படி பால் ஊற்றி என்னை மகளாக எடுத்துக்கொண்டவள். என்னையும் தங்கை கௌசியையும். பழைய நாளில் எவனோ அறைந்த அறையில் அம்மாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. வாயசைவையும் கைஜாடையையும் வைத்துப் புரிந்துகொள்வாள். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா கடித்துக் கொடுத்த காசு இல்லாத சாமி அலமாரி கிடையாது. பிள்ளை பிறந்தால் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

"டிவியில நம்ம காசா?" என்று கேட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

ஒளிபரப்பு. கௌசி இட்லிக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தாள். மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

திரையில் நான் வாயைத் திறந்தேன். ஆண் குரல் வந்தது. கட்டையான, சளி கட்டின குரல். கௌசி என்னைப் பார்க்காமல் ரிமோட்டைப் பார்த்தாள். அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. திரையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். உலகத்திலேயே அம்மா ஒருத்திதான் இன்று என்னை என் குரலோடு பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

தியாகுவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "சேனல்ல சொன்னதுக்கா. உங்க வாய்ஸ் ரொம்ப சாஃப்டா இருக்காம். இவங்கன்னா இப்படித்தான் பேசுவாங்கன்னு ஆடியன்ஸ் நெனச்சு வெச்சிருப்பாங்களாம்." ஆடியன்ஸ் என்ன நினைத்து வைத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். தினம் பஸ்ஸில் போகிறவள்தானே.

ஜூலை 18, வியாழன்

டிஆர்பி வந்துவிட்டது. காசு வைத்த எபிசோடு ஏறியிருக்கிறதாம். திங்கள் வரச் சொன்னார்கள். ஒரு காட்சிக்கு இல்லை, கதை முழுக்க.

ஜூலை 22, திங்கள்

கன்டின்யூட்டி: அதே சிவப்புப் புடவை. பூ வேண்டாமாம். கண்மை கீழே இழுத்துவிட வேண்டும். பொட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

சீன் பேப்பர் கையில் வந்த பிறகுதான் தெரிந்தது. சிங்காரி இப்போது பிள்ளை பிடிக்கும் கூட்டத்தின் தலைவி. பகலில் வாழ்த்துகிற சாக்கில் வீட்டை நோட்டம் பார்ப்பாள். கடித்த காசை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனால் அந்த வீட்டுக்குக் குறி வைத்தாயிற்று. காலையில் குழந்தை இருக்காது. எனக்கு ஒரு பஞ்ச் வசனம் வேறு: "சிங்காரி காசு வெச்சா, விடிஞ்சா தொட்டில் காலி."

நான் சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பேப்பரைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு நிறைய வசனம் இருந்தது.

மெதுவாக, "எங்காளுங்க இப்படிப் பண்ண மாட்டாங்க சார்" என்றேன். "எல்லாருக்கும் தெரியும்மா. கதைதானே. வில்லிதான் மனசுல நிப்பா. கடைசியில உன்ன நல்லவளா மாத்திருவோம்" என்றார் சார். நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொல்பவர் அந்தச் செட்டில் அவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மா காலையில் கூழ் ஊற்றினாள், தெருவே வந்து குடித்தது. மாலையில் சிங்காரி குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிற எபிசோடு.

அம்மா என் தோளைத் தட்டினாள். "ஏண்டி, புள்ளய எங்க தூக்கினு ஓடற?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் கூழ் ஊற்றியபோது வைத்த குங்குமம். "அந்த வீட்டுல தீப்புடிச்சிருச்சும்மா" என்று வாயசைத்தேன். "காப்பாத்தித் தூக்கினு போறேன்."

"அதானே பார்த்தேன்" என்றாள். "நீ காசு வெச்ச வீடு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

வயதானவளிடம் கொஞ்சம் மாற்றிச் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது. கௌசிதான் சமையலறைக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். "யாருக்கா அவங்களுக்கு இந்தக் காசு ஐடியா குடுத்தது?"

"ரைட்டர்" என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கறிகாய்க் கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். செல்ஃபி கேட்கப்போகிறாள் என்று முந்தானையைச் சரிசெய்தேன். ஓங்கி அறைந்தாள். தராசின் மேல் போய் விழுந்தேன். "பெத்த வயிறுடி இது, உன் கண்ணுல கொள்ளி வைக்க" என்றாள். கடைக்காரர் என்னைத் தூக்கிவிடவில்லை. சிதறிய தக்காளியைத்தான் பொறுக்கினார்.

மணவாளன் சாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "வில்லிக்கு இதவிடப் பெரிய அவார்டு கெடையாதும்மா. எத்தன பேரு ரோட்டுல அடி வாங்கியிருக்காங்க தெரியுமா?" யூனிட்டே எனக்குக் கைகொடுத்தது. நானும் சிரித்தேன், கன்னம் வலித்தபோதும். மற்ற வில்லிகள் அடி வாங்கிவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்கள் வெறும் பெண்களாக ஆகிவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

காதுக்குள் இன்னும் ரீங்காரம்.

ஆகஸ்ட் 14, புதன்

கௌசி ஆஸ்பத்திரியில். வலது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் சாம்பார் கொட்டிவிட்டது.

கொட்டிவிட்டது என்று எழுதுகிறேன். கொட்டினார்கள். தினம் அவளிடம் கடன் சொல்லித் தின்கிற பையன்கள். ஒருவன், "இட்லி மாவுல என்ன கலக்கற? இத வெச்சுதான் புள்ளைங்கள மயக்கறியா?" என்றானாம். இவள் சும்மா இருக்கமாட்டாள், கரண்டியை ஓங்கியிருக்கிறாள். வண்டியோடு சாய்த்துவிட்டார்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அண்டா அவள் மேல். கீழே விழுந்தவளை எழவிடாமல் ஒருவன் முட்டியில் மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறான். தோல் புடவையோடு சேர்த்து உரிந்து வந்தது. நான் பார்த்தேன். மேக்கப்பில் எத்தனையோ முறை தீக்காயம் போட்டிருக்கிறேன், ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை.

ஸ்டேஷனில், "வண்டிதானே சாஞ்சுது, யாரும் அடிக்கலையே" என்றார்கள்.

"அக்கா, விட்டுடுக்கா" என்றாள் கௌசி. "உன் கால்ல விழறேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தான்டி. கடைசியில நல்லவளா மாத்திடறாங்க. அப்ப எல்லாம் சரியாயிடும்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மாவிடம் அடுப்பு சாய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் காசு. ஒரு ரூபாய்க் காசுகள். நான் நிற்கும்போதே இன்னும் நாலைந்து வந்து கதவில் விழுந்தன. ஒன்று என் புருவத்தைக் கிழித்தது. எதிர்வீட்டுக்காரி, மளிகைக்கடைக்காரர் மனைவி, டைலர். இத்தனை வருடமாக அம்மா கடித்துக் கொடுத்ததை ஒவ்வொருவரும் சாமி அலமாரியிலிருந்து, பர்ஸிலிருந்து, பீரோவிலிருந்து எடுத்து வந்து எறிந்துவிட்டுப் போகிறார்கள். கையில் வைத்திருக்கவே பயம்.

"உங்க குறிய நீங்களே வெச்சுக்கங்கடி" என்று ஒரு குரல்.

அம்மா எழுந்து வந்துவிட்டாள். குனிந்து ஒன்றை எடுத்தாள். கடித்த காசு எது, கடிக்காத காசு எது என்று யாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது.

"ஏண்டி திருப்பிக் குடுக்கறாங்க?"

புருவத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன். "திருப்பிக் குடுக்கலம்மா. காணிக்கை. டிவியில நான் வாசப்படியில வைக்கிறேன் இல்ல, அத பார்த்துட்டு நம்ம வாசப்படியிலயும் வைக்கிறாங்க."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "பாரேன்" என்றாள். "கையில குடுக்கறத விட இதுதான் மரியாதன்னு எனக்குத் தோணாம போச்சே. உனக்குத் தோணுச்சு பாரு."

ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தெரு முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கன்டின்யூட்டி: அம்மா.

நீலப் பூப்போட்ட வாயில் புடவை, பாதி இல்லை. ரவிக்கை இல்லை, பெண் போலீஸ் ஒருத்தி துண்டு போர்த்தியிருந்தாள். இடது கண் மூடிக்கிடக்கிறது. தாடை முறிவு. முன்பற்கள் போய்விட்டன, வலது கடைவாய்ப் பல்லும். வலது மணிக்கட்டு உடைந்து தொங்கியது. பின்னந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. வெட்டவில்லை, வேரோடு வந்திருக்கிறது. கழுத்தில் கயிறு இறுக்கிய தடம்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் இதையும் யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

நான் செட்டில் மேக்கப்பில் இருந்தேன். பொட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்டுக்கொண்டிருந்தார்கள். லைட் அண்ணன் போனைக் கொண்டு வந்து நீட்டினார். "யாமினி, இது உங்க ஏரியாவான்னு பாரு" என்றார். எல்லாம் முடிவதற்கு முன்பே வீடியோ வந்துவிட்டிருந்தது.

பின்தெருவில் தேன்மொழி வீடு. சித்திரையில் அவள் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது அம்மாதான் காசு கொடுத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று யார் மூலமோ தெரிந்து இன்று போயிருக்கிறாள். கதவு தாழ்ப்பாள். தட்டியிருக்கிறாள், திறக்கவில்லை. வாசலில் இருந்த கேமராவில் மிச்சம் எல்லாம் இருக்கிறது. அம்மா இடுப்பிலிருந்து காசை எடுக்கிறாள். கடிக்கிறாள். கண்ணில் ஒற்றுகிறாள். குனிந்து வாசற்படியில் வைத்து, படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள்.

பின்னாலேயே கதவு திறக்கிறது. தேன்மொழியின் மாமியார் காசைப் பார்த்துவிட்டு, "வெச்சுட்டா, காசு வெச்சுட்டா" என்று அலறுகிறாள். அம்மா திரும்பவில்லை. அவளுக்குக் கேட்காது. தெருவே இரைகிறது, அவள் பாட்டுக்குக் கையை வீசிக்கொண்டு நடக்கிறாள். ஓடாமல் நடந்ததே அவர்களுக்குத் திமிராகத் தெரிந்திருக்கும்.

முதல் அடி துடைப்பக்கட்டையால், முதுகில். அம்மா தடுமாறித் திரும்பி, தெரிந்த முகம் என்பதால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பின் மேல்தான் கிரிக்கெட் மட்டை விழுந்தது. அதற்குப் பிறகு முகங்களே தெரியவில்லை, கைகள்தான். கொடிக் கயிற்றை அறுத்து வந்து மின்கம்பத்தில் கட்டினார்கள். ஒருவன் புடவையை இழுத்தான். "பொம்பளையான்னு பாருடா" என்றான் இன்னொருவன். மட்டை வைத்திருந்தவன் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று சொன்னான், சுற்றியிருந்தவர்கள் கூடவே சொன்னார்கள்: "சிங்காரி காசு வெச்சா, விடிஞ்சா தொட்டில் காலி."

என் வசனம். அந்தச் சளி கட்டின குரலை அப்படியே காப்பியடித்துச் சொன்னார்கள்.

தேன்மொழி மாடி ஜன்னலில் குழந்தையோடு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டுத் தொட்டிலில் அம்மாவின் பழைய காசு மஞ்சள் துணியில் முடிந்து தொங்கியது எனக்குத் தெரியும், நான்தான் முடிந்து கட்டினேன். அவளை நான் மன்னிக்கப் போவதில்லை.

மேக்கப்பைக் கலைக்காமலே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்த ஒரு பெண் தன் பையனின் கண்ணைப் பொத்தினாள்.

ஆகஸ்ட் 24, சனி

முதல் வழக்கு அம்மாவின் மேல். குழந்தையைக் கடத்த முயற்சி. அடித்தவர்கள் பெயர் தெரியாத சிலர். வீடியோவில் முகம் முகமாகத் தெரிகிறார்களே என்றேன். "விசாரிச்சுட்டு இருக்கோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "டிவியில வர்ற மாதிரியே அப்படியே பண்ணியிருக்காங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"



செய்திச் சேனல்களில் திரையைப் பாதியாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஒரு பக்கம் சிங்காரி, ஒரு பக்கம் அம்மா. ஒரே கடி, ஒரே குனிவு. 'சீரியலைப் பார்த்துத் தொழில் கற்ற கும்பலா?' என்று கீழே ஓடுகிறது. விவாதத்தில் ஒருவர், கற்பனையைக் கற்பனையாகப் பார்க்க மக்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். இன்னொருவர், நெருப்பில்லாமல் இவர்களைப் பற்றி இப்படி எழுதுவார்களா என்றார். எங்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். சிங்காரி மேக்கப்பில் வர முடியுமா என்று கேட்டார்கள். நான் சொன்ன பதிலை நோட்டில் எழுத முடியாது.

ஆகஸ்ட் 26, திங்கள்

முதலில் ஆண்கள் வார்டில் போட்டார்கள். கத்திக் கூப்பாடு போட்ட பிறகு பெண்கள் வார்டின் மூலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது. தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் பேச்சு இல்லை. கழுத்தை அசைக்கக் கூடாது. கஞ்சித் தண்ணீர் ஸ்ட்ராவில்.

போன வாரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த கௌசி காலை இழுத்து இழுத்து வந்தாள். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அன்னிக்கி நான் வேணாம்னு சொன்னேன்க்கா. கதவு தெறக்கலன்னா வந்துடுன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, 'தெறக்காட்டி என்ன, யாமினி வைக்கிற மாதிரி படியில வெச்சுட்டு வர்றேன். அவ வெச்ச வீட்டுப் புள்ளய நெருப்புகூட ஒண்ணும் பண்ணல' அப்படின்னாங்க."

வராந்தாவில் யாரோ பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரத்தில் கால் வைக்காமல் எப்படி உள்ளே போவது என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

தியாகு போன் செய்தான். தொடர் முதலிடத்தில். சார் பேசினார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். அழுதுகூட விட்டார். பிறகு, "சிங்காரிய மக்கள் கையில புடிச்சுக் குடுக்கற சீன் இருக்கும்மா. ஜனங்க அதத்தான் எதிர்பார்க்கறாங்க. அரை நாள் வந்துட்டுப் போயிடு" என்றார்.

"நல்லவளா மாத்தறேன்னு சொன்னீங்களே சார்."

"இப்ப மாத்தினா யாரும்மா ஒத்துப்பாங்க?"

எனக்குத் தெரிந்த வசவு அத்தனையையும் என் சொந்தக் குரலில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா. முதுகுப் பக்கமா டூப் வெச்சு எடுத்துக்கறோம்" என்றார்.

செப்டம்பர் 6, வெள்ளி

கன்டின்யூட்டி: சிவப்புப் புடவை. பச்சை வளையல். மூக்குத்தி வலது பக்கம். டூப் ஒரு நொடி பக்கவாட்டில் திரும்பியபோது தெரிந்தது, மாற்றி மாட்டியிருக்கிறார்கள், தியாகு கவனிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

வார்டில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த டிவி. அம்மாவின் தலைமாட்டுச் சுவரில் இருக்கிறது. கழுத்துப் பட்டையோடு அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. அவளுக்குத் தெரிவது வார்டின் முகங்கள்தான். நான் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

தொடர் ஆரம்பித்தது. படுத்திருந்தவர்கள் தலையணையை முட்டுக்கொடுத்து எழுந்து உட்கார்ந்தார்கள். ஆயா துடைப்பத்தைச் சாத்திவிட்டு நின்றாள். சிங்காரியைத் தெருப்பெண்கள் வளைத்துவிட்டார்கள். மின்கம்பம். கொடிக் கயிறு. முதல் அடி துடைப்பக்கட்டையால். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். முன்பின் மாறாமல் வரிசையாக எடுத்திருக்கிறார்கள்.

மட்டை விழுந்தபோது யாரோ ஒருத்தி கைதட்டினாள். பக்கத்துக் கட்டில்காரி தட்டினாள். டிரிப்ஸ் ஏறுகிற கையைத் தூக்கி ஒரு சின்னப்பெண் தட்டினாள். "நல்லா போடு" என்றாள் ஆயா. வார்டு முழுக்கக் கைதட்டல்.

அம்மா எல்லா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல கையால் காற்றில் ஒரு பெட்டி வரைந்து, என்னைக் காட்டினாள். உன் நாடகமா?

தலையாட்டினேன்.

தட்டுகிற கைகளைக் காட்டினாள். உனக்கா?

அவள் மூடின கண்ணைப் பார்த்தேன். கம்பி கட்டின வாயைப் பார்த்தேன். அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவை வாயிலிருந்து இறக்கினேன். "ஆமாம்மா" என்று வாயசைத்தேன். "எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு."

திறந்திருந்த அந்த ஒரு கண்ணில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தலையணைக்கு அடியில் துழாவி மஞ்சள் துணியை எடுத்தாள். ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. காசை எடுத்து வலது கன்னத்தில், கட்டுத்துணிக்கு மேலே, பல் இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். வலித்திருக்கும். ஒரு கண்ணில் ஒற்றினாள். மற்றக் கண்ணில் கட்டின் மேலேயே ஒற்றினாள். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்துவிட்டாள். கைதட்டல் நின்றது. அம்மாவின் கட்டைப் பார்த்தாள், என் துப்பட்டாவைப் பார்த்தாள், கால்மாட்டில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். குழந்தை அவள் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தது.

அம்மா அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். கூச்சப்படுகிறது என்று நினைத்திருப்பாள். என் மூடின கையைத் தொட்டு, குழந்தையின் பக்கம் விரலை நீட்டினாள். அதுக்குக் குடு.

வேண்டாம் என்று தலையாட்டினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு குழந்தைக்குக் கொடுக்காமல் அவள் திரும்பி வந்ததில்லை. போ என்று என் முழங்கையைத் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள்.

வார்டு முழுக்க இப்போது எங்களைத்தான் பார்த்தது. ஆயா சாத்தி வைத்த துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அம்மா தள்ளிக்கொண்டே இருந்தாள். காசை இறுக்கி மூடிக்கொண்டு அவளுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். டிவியில் என்னை இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.